ஒரே எடையில் இரண்டு ரோல்

"சோப்பு டப்பாவுல ரெண்டு வயரச் சொருகிட்டு இன்டர்நெட்டுங்கறீங்களே அம்மிணி, எங்களயப் பாத்தா எப்படித் தெரியுது உங்களுக்கு?"

பல்லடம் ரோட்டில் நிட்டிங் கம்பெனி வைத்திருக்கும் ஒரு முதலாளி, நான் வடிவமைத்த முதல் கருவியைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டது இது. அவர் மேல் தப்பில்லை. அது நிஜமாகவே சோப்பு டப்பாதான். நல்ல பெட்டி செய்யக் கொடுத்தால் நாளாகும் என்று, பாத்திரக்கடையில் ஒரு டஜன் டப்பா வாங்கி, ஓட்டை போட்டு, கேபிள் நுழைத்திருந்தேன். மூடியில் இருந்த ரோஜாப்பூவை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தும் முழுசாகப் போகவில்லை.

இந்த வாரத்தோடு எடைத் தராசுப் பிரிவின் மேசை, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருடையது. ஐந்து வருடம் அதில் உட்கார்ந்தவள் என்ற உரிமையில் இதை எழுதி வைக்கிறேன். ரிட்டயர் ஆனவள் மாதிரி பேசுகிறாளே என்று சிரிக்க வேண்டாம். அந்த மேசையிலிருந்து எனக்கு ரிட்டயர்மென்ட்தான். சர்க்யூட் எல்லாம் ஃபைலில் இருக்கிறது, நீங்களே படித்துக்கொள்வீர்கள். ஃபைலில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நம் கம்பெனியை நடத்தும் சாரும் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி, இது தெரியாவிட்டால் நான் செய்த தப்பு உங்களுக்குப் புரியாது. அப்பா பனியன் கம்பெனியில் அயர்ன் போடுகிறார். அம்மா தைத்த பனியனில் பிசிறு நூல் வெட்டுகிறார். இருவரும் தெற்கேயிருந்து பஸ் ஏறித் திருப்பூர் வந்தவர்கள். இருவருமே கைநாட்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனதும் பாலிடெக்னிக் முடித்ததும் நான்தான். அந்தப் பெருமை எனக்கு அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு. முதல் சர்க்யூட் போர்டை வரைந்தபோது மூலையில் என் இனிஷியலைச் செம்புத் தடத்திலேயே வரும்படி போட்டேன். "போர்டு என்ன கல்வெட்டா கண்ணு?" என்று சார் கேட்டார். ஆனால் அழிக்கச் சொல்லவில்லை.

கருவி என்ன செய்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். நிட்டிங் மெஷினிலிருந்து இறங்கும் ஒவ்வொரு துணி ரோலையும் தராசில் வைத்து ஒரு பட்டனை அழுத்துவார்கள். தராசு தன் சீரியல் கேபிள் வழியாக எடையைப் பிரிண்டருக்குச் சொல்லும். பிரிண்டர் ஒரு சீட்டை அடிக்கும். நம் கருவி அந்தக் கேபிளின் நடுவில் உட்கார்ந்து அதே எடையைக் காதில் வாங்கி, மோடத்துக்கு அனுப்பும். டவுனில் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் முதலாளி வெப் பக்கத்தைத் திறந்தால் பல்லடத்தில் எத்தனை ரோல், எத்தனை கிலோ என்று தெரியும். அதற்கு முன்பு அவர் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை போன் போட்டு, "எத்தனை ஆச்சுங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். போனை எடுப்பதற்காகவே ஒருவர் எடை போடுவதை நிறுத்திவிட்டு ஓட வேண்டியிருந்தது.

அப்படி ஓடிக்கொண்டிருந்தவர் ஜெசிந்தா. எடை போடுவது அவர் வேலை. முப்பது வயது இருக்கும், தூத்துக்குடிப் பக்கம், இரண்டு பிள்ளைகள், மங்கலம் ரோட்டில் லைன் வீடு. இருபது கிலோ ரோலை முழங்காலால் ஒரு எத்து எத்தி மேடையில் ஏற்றுவார். நான் தராசு மேசைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்த முதல் நாளே குனிந்து பார்த்து, "உங்க அம்மைக்கு எந்த ஊரு?" என்றார்.

"கோவில்பட்டிப் பக்கங்க்கா."

"அதான பாத்தேன். 'ங்க' போட்டாலும் முழி நம்ம முழியால்லா இருக்கு."

முதல் வாரமே நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். தராசு சொல்வதை முழுசாக வாங்கிக்கொண்டு, பிறகு பிரிண்டருக்குக் கருவியே எடுத்துச் சொல்வது போல் அமைத்திருந்தேன். மோடம் சிக்னல் கிடைக்காமல் திணறினால் கருவியும் திணறியது, பிரிண்டரும் வாயை மூடிக்கொண்டது. தராசுக்கு முன்னால் ரோல் மலையாகக் குவிந்தது. ஜெசிந்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "தங்கச்சி, உங்க டப்பாவுக்கு மூச்சு முட்டுதா? வேணும்னா வெளிய தூக்கிட்டுப் போயி காத்து வாங்க வைக்கட்டா?" என்றார். எட்டு மெஷின்காரர்களும் சிரித்தார்கள். அன்றே கேபிளை நேராகப் பிரிண்டருக்குக் கொடுத்துவிட்டு, ஒரு கிளையை மட்டும் கருவிக்கு இழுத்தேன். கருவி செத்தாலும் வேலை நடக்கும். நாம் கேட்க வந்தவர்கள், நடுவில் கை நீட்ட வந்தவர்கள் இல்லை. கம்பியில் இதைக் கற்றுக்கொண்டேன். ப்ரோகிராம் எழுதும்போது மறந்துவிட்டேன். அந்த மறதிதான் இந்தக் கதை.

கருவி ஓட ஆரம்பித்த மறுநாள் காலை முதலாளி போன் செய்தார். குரலில் அவ்வளவு மரியாதை.

"அம்மிணி, நேத்து ஆயிரம் கிலோ நூலு குடுத்தனுங்க. உங்க வெப் பக்கத்துல ரெண்டாயிரம் கிலோ துணி நிக்குதுங்க. நெம்ப சந்தோசமுங்க. இப்படியே ஓட்டுனா இனி நூலு பாதி வாங்குனாப் போதுமுங்களா?"

எனக்குக் காது சுட்டது. வந்த எடைகளைத் திறந்து பார்த்தேன். எல்லா எடையும் இரண்டு இரண்டாக வந்திருந்தது. 18.35, 18.35. 23.10, 23.10. ஜெசிந்தாவிடம் போனில் கேட்டேன். "ஆமா, ரெண்டு தரம் அழுத்துவேன். ஒரு சீட்டு ரோலுக்குள்ள சொருக, இன்னொண்ணு ஃபைல்ல குத்த. வந்த நாள்லருந்து அப்படித்தான செய்யுதேன்" என்றார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு நாள் அங்கே போய் நின்று அவர் எப்படி அழுத்துகிறார் என்று பார்த்திருக்க வேண்டும். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், டீ ஆறுவதற்குள் மூன்று வரி எழுதினேன்: இப்போது வந்த எடையும் இதற்கு முன் வந்த எடையும் ஒன்றாக இருந்தால், இரண்டாவதை அனுப்பாதே. மறுநாள் போய்க் கருவியின் சிப்பை மட்டும் மாற்றிவிட்டு வந்தேன். கணக்கு அச்சாகப் பொருந்தியது. சார் ஆபீஸ் முழுக்க இனிப்பு கொடுத்தார்.

முதலாளிக்கு வந்த சந்தோஷத்தில், "இனி ஃபைல் எதுக்குங்க, எல்லாந்தான் கம்ப்யூட்டர்ல இருக்குதே" என்று ஃபைலையே நிறுத்திவிட்டார். சாயப்பட்டறைக்குத் துணி ஏற்றும்போது எழுதும் வண்டிச் சீட்டையும் வெப் பக்கத்தைப் பார்த்தே எழுதச் சொன்னார். ஜெசிந்தா ஒரு தடவை மட்டும் அழுத்த ஆரம்பித்தார். இரண்டாம் அழுத்தல் நின்றுவிட்டது. அதைத் தடுப்பதற்காக நான் எழுதிய மூன்று வரி மட்டும் உள்ளேயே இருந்தது. அதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

மூன்று மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. ஏனென்றால் எட்டு மெஷினும் எட்டு விதமான துணியை ஓட்டின. ஒரு ரோல் பதினெட்டு கிலோ, அடுத்தது இருபத்திநான்கு. பிறகு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. ஒரே நூல், ஒரே ரகம், எட்டு மெஷினிலும் அதே துணி, ஒரு ரோலுக்கு மெஷின் ஓடும் சுற்றுகளும் ஒன்றே, அதனால் எடையும் ஏறத்தாழ ஒன்றே. துணி இறங்க இறங்க டெம்போ ஏற்றிச் சாயப்பட்டறைக்குப் போனது. அங்கே போனதும் ரோல்களைப் பிரித்து, ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்து, தண்ணீரில் இறக்கிவிடுவார்கள். பிறகு எத்தனை ரோல் வந்தது என்று யாராலும் எண்ண முடியாது. சீட்டில் உள்ளதைவிடத் துணி கூடுதலாக வந்தால் போன் போட்டுச் சொல்கிற பட்டறை நான் பார்த்ததில்லை.

வெப் பக்கத்தில் துணி குறைய ஆரம்பித்தது. ஒரு நாள் நாலு ரோல், இன்னொரு நாள் ஏழு. நூல் போகிறது, துணி வரவில்லை. முதலாளி முதலில் மெஷின்களைப் பார்த்தார், பிறகு குப்பையைப் பார்த்தார், பிறகு ஆட்களைப் பார்த்தார். கேட்டில் ஒரு மேசை போட்டு, போகிற எல்லோருடைய பையையும் சோதிக்கச் சொன்னார்.

"இருபது கிலோ ரோல டிபன் பாக்ஸுக்குள்ள மடிச்சு வச்சுக் கொண்டு போறேனாக்கும்!" என்று ஜெசிந்தா கேட்டு மேசையில் பாக்ஸைத் திறந்து வைத்தாராம். "அம்புட்டு வித்தை தெரிஞ்சா இங்ஙன எதுக்கு எடை போடுதேன், சர்க்கஸ்ல சேந்துருப்பேன்லா."

சிரிக்காதவர் முதலாளி மட்டும். அவர் கணக்கு வேறு மாதிரிப் போனது. எடை போடாமலேயே ரோல் டெம்போவில் ஏறினால்தான் வெப் பக்கத்தில் வராது. எடை போடாமல் ரோலை விடக்கூடிய ஆள் ஒருவர்தான்.

எனக்குப் போன் வந்தது ஒரு புதன்கிழமை. "ஒருத்தர வேலைய உட்டு நிறுத்தறதுன்னா சும்மா நிறுத்தக் கூடாதுங்க அம்மிணி, பாவமுங்க. நீங்க வந்து பொட்டியச் சோதிச்சுட்டு, சரியா இருக்குதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. நாலு மணி டீக்கு எல்லாரும் கூடுவாங்க, அப்பச் சொல்லிர்றனுங்க." எங்கள் ஊரில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பும்போதும் 'ங்க' போட்டுத்தான் அனுப்புவார்கள்.

போனேன். பரிசோதனைக்கான எடைக் கற்களை வைத்துப் பார்த்தேன். ஐந்து கிலோ, பத்து கிலோ, இருபது, இருபத்தைந்து, முப்பது. ஒவ்வொன்றும் பத்தே நொடியில் வெப் பக்கத்தில் வந்து நின்றது. ஒன்றுகூடத் தவறவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கம்பெனி லெட்டர்பேடில், "எங்கள் கருவி சரியாக இயங்குகிறது. எடை விடுபட வாய்ப்பே இல்லை" என்று எழுதி, முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்தேன். இரண்டாவது வரியை அவர் கேட்கவே இல்லை. நானாகச் சேர்த்தது அது.

முதலாளி தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மணி மூன்றரை.

கற்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா பக்கத்தில் எடை போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு விஷயம் தெரிந்தே இருந்தது. அப்படியும் வாய் ஓயவில்லை.

"என்ன தங்கச்சி, டப்பா என்னயப் பத்தி என்ன சொல்லுது? நல்லவன்னு சொல்லுதா, களவாணின்னு சொல்லுதா?"

நான் குனிந்து அடுத்த கல்லை எடுத்தேன். அவர் ஒரு ரோலை ஏற்றினார், அழுத்தினார், சீட்டைக் கிழித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பாத்தியளா, இன்னைக்கும் ரெட்டைப் பிள்ளை. போனதும் இருபது அம்பது, இதுவும் இருபது அம்பது. முந்தாநாளு வரிசையா நாலு ரோலு ஒரே எடை! ஒரே பிரசவத்துல நாலுன்னு இங்ஙன உள்ளவனுவ எல்லாம் கூடிச் சிரிச்சானுவ. ஒரே நூலு, ஒரே சுத்து. பிள்ளையளும் ஒண்ணு போலத்தான பெறக்கும்?"

என் கையிலிருந்த ஐந்து கிலோ கல் பெட்டிக்குள் போகாமல் என் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது.

ஆபீஸ் அறைக்கு ஓடி வெப் பக்கத்தைத் திறந்தேன். அந்தப் பெரிய ஆர்டர் தொடங்கிய ஒன்பது நாள் எடைகளையும் மேலிருந்து கீழே ஓட்டினேன். நூற்றுக்கணக்கான ரோல்கள், எல்லாம் இருபது கிலோவை ஒட்டியவை. அத்தனையிலும் ஒரே எடை அடுத்தடுத்து ஒரு தடவைகூட வரவில்லை. ஒரு தடவைகூட. அப்படி இருக்கவே முடியாது. என் மூன்று வரி எல்லா இரட்டைப் பிள்ளைகளையும் வாசலிலேயே நிறுத்தியிருந்தது. அனுப்பாத எடை வேறு எங்கும் பதிவாகவும் இல்லை. ரோலுக்குள் சொருகிய சீட்டுகள் சாயப்பட்டறையில் குப்பைக்குப் போயிருக்கும். ஃபைல் இருந்திருந்தால் அது சாட்சி சொல்லியிருக்கும். அதை நிறுத்த வைத்ததும் என் கருவிதான்.

வெளியே ஜெனரேட்டர் பக்கம் போய் சாருக்குப் போன் போட்டேன். மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டார். பிறகு மெதுவாக, "எழுதிக் குடுத்தாச்சா?" என்றார்.

"குடுத்துட்டேன் சார்."

"சரி கண்ணு. பதறாத. வேற சிப்பு கைல இருக்குதல்ல? அந்த மூணு வரிய எடுத்துட்டு மாத்தி வெச்சுட்டு வந்துரு. நாளையில இருந்து கணக்கு சரியா வந்துரும். அவரும் திருட்டு நின்னு போச்சுன்னு சந்தோசமா இருப்பாரு. அவரோட மச்சானுக்கு ஆறு பொட்டி சொல்லியிருக்கறாங்க, உனக்கே தெரியும்."

சாரைக் கெட்டவராக நினைத்துவிடாதீர்கள். எட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவர் அவசரத்தில் பேசிய பேச்சு அது. ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் எனக்குக் கண்ணைத் திறந்தது. திருட்டு நின்று போச்சு. ஆமாம். நான் சத்தமில்லாமல் சரிசெய்தால், ஜெசிந்தா வேலையை விட்டுப் போன அன்றே கணக்கு சரியாக வரும். அதைவிடப் பெரிய சாட்சி அவருக்கு எதிராக வேறு எது வேண்டும்? இன்றைக்குச் சந்தேகம். நாளைக்கு அது நிரூபணம் ஆகிவிடும். இந்த ஊரில் ஒரு கம்பெனிக் கேட்டில் சொன்னது அடுத்த கம்பெனிக் கேட்டுக்கு அவருக்கு முன்னால் போய்ச் சேரும். தப்பைத் திருத்துவதுதான் இங்கே பெரிய தப்பாக இருந்தது.

மணி நாலுக்குப் பத்து நிமிடம். டீக்கேன் சைக்கிள் உள்ளே வந்துவிட்டது. ஆட்கள் கையைத் துடைத்துக்கொண்டு கூட ஆரம்பித்தார்கள்.

முதலாளி முன்னால் போய் நின்று, "அந்தத் தாளைத் திருப்பிக் குடுங்க" என்றேன்.

"எதுக்குங்க அம்மிணி? சீலு வெக்க மறந்துட்டீங்களா?"

"சீல் சரியா இருக்குதுங்க. எழுதினதுதான் தப்பு. ரோல் எங்கயும் போகலைங்க. கருவிதான் எண்ணாம விட்டிருக்குது. கருவி மேலயும் தப்பில்லைங்க. அப்படி எழுதி வச்சது நான்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். முகம் மாறவில்லை, குரலும் மாறவில்லை. "அரை மணிக்கு முன்னால வாய்ப்பே இல்லைன்னு எழுதுனீங்களே. இப்ப மாத்திச் சொல்றீங்க. நாளைக்கு வேற ஒண்ணு சொல்ல மாட்டீங்கன்னு நான் எப்படிங்க நம்பறது?"

நியாயமான கேள்வி. வாயால் பதில் சொன்னால் எடுபடாது. "தராசுக்கு வாங்க, நீங்களே பாருங்க" என்றேன். எல்லோரும் பின்னாலேயே வந்தார்கள், டீ டம்ளரோடு. ஆபீஸ் கம்ப்யூட்டர் திரையைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்தேன். இருபது கிலோ கல்லை வைத்து ஜெசிந்தாவை ஒரு தடவை அழுத்தச் சொன்னேன். திரையில் இருபது வந்தது. இறக்கி, மறுபடி ஏற்றி, மறுபடி அழுத்தச் சொன்னேன். பிரிண்டர் இரண்டாவது சீட்டைக் கொடுத்தது. திரை அசையவில்லை.

"கல்லுல நீங்க ஏதாச்சும் பண்ணியிருப்பீங்க" என்றார் முதலாளி. செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே மேடையில் ஏறினார். "அழுத்துங்க."

ஜெசிந்தா அழுத்தினார். எழுபத்தெட்டு அரை. திரையில் வந்தது. இறங்கினார். மறுபடி ஏறினார். மறுபடி எழுபத்தெட்டு அரை. சீட்டு வந்தது, திரையில் வரவில்லை. மூன்றாம் தடவையும் ஏறினார். நான்காம் தடவையும். பிரிண்டர் நாலு சீட்டுக் கொடுத்துவிட்டது. திரையில் ஒரே ஒரு எழுபத்தெட்டு அரை நின்றது.

"நாலு தடவ ஏறியிருக்கறன்" என்றார் அவர், மேடையில் நின்றபடியே. "கம்ப்யூட்டருல ஒருத்தந்தான் இருக்கறன். அப்ப மூணு மொதலாளியத் திருடிட்டுப் போயிட்டாங்களா?"

யாரோ ஒருவர் டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இறங்கி, சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து என்னிடம் கொடுத்தார். பிறகு ஜெசிந்தா பக்கம் திரும்பினார். சிரிப்பு நின்றுவிட்டது.

"நான் இன்னைக்கு உங்களப் போகச் சொல்றதா இருந்தனுங்க. தப்பு எங்களுதுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

ஜெசிந்தா கையிலிருந்த நாலு சீட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கணீரென்று வந்தது. "மனசுல வைக்கல மொதலாளி. இத்தன நாளா என் டிபன் பாக்ஸ நோண்டினியளே, அதுக்கு என்ன செய்ய?"

அன்று சாயங்காலம் முதலாளி என்ன செய்தார் என்பதை அங்கே இப்போதும் சொல்லிச் சிரிக்கிறார்கள். கேட் மேசையில் முதல் ஆளாகத் தன் டிபன் கேரியரை வைத்து, ஜெசிந்தாவைக் கூப்பிட்டு, "பாருங்க" என்றார். ஜெசிந்தாவும் விடவில்லை. மூன்று அடுக்கையும் கழற்றி, மூக்கருகே வைத்து, "பீர்க்கங்காய மிச்சம் வச்சிருக்கீய. உங்க வீட்டு அக்கா கேட்டா நான் சொல்லிப்போடுவேன்" என்று மூடிக் கொடுத்தார். மறுநாள் கேட்டில் மேசை இல்லை.

எனக்கும் ஒன்று கிடைத்தது. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஜெசிந்தாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையிலிருந்த தாளை வாங்கி, கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"எழுத்து அழகாத்தான் இருக்கு. எங்கம்மைக்கு எழுதப் படிக்கத் தெரியாது தங்கச்சி. ஆனா ஒரு தாள்ல கைநாட்டு வைக்கதுக்கு முன்னாடி, 'இதுல என்னய்யா எழுதியிருக்கு'ன்னு நாலு பேர்ட்ட கேப்பா. நீங்க படிச்சவிய. ஒருத்தர்ட்டயும் கேக்கல."

அப்பா, அம்மா இருவரும் கைநாட்டு என்று சொன்னேன் இல்லையா? எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடும் முதல் ஆள் நான். அந்தப் பெருமை இன்றும் குறையவில்லை. ஆனால் அன்றிலிருந்து பேனாவைத் திறந்த பிறகும் ஒரு நிமிடம் கை நிற்கும்.

சார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. முதலாளியின் மச்சான் ஆறு பெட்டியை இரண்டாகக் குறைத்தார். மூன்றாம் நாள் சார் என் மேசைக்கு வந்து, "ரெண்டு பொட்டியாச்சும் நிம்மதியா ஓடும் போ" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்ததே பெரிய விஷயம்.

இப்போது நீங்கள் பார்க்கும் கருவி கேட்ட எடை எதையும் விடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் வரிசை எண்ணும் நேரமும் போட்டு அப்படியே அனுப்புகிறது. அடுத்தடுத்து ஒரே எடை வந்தால் வெப் பக்கத்தில் மஞ்சளாகத் தெரியும், அவ்வளவுதான். அது இரண்டு ரோலா, இரண்டு அழுத்தலா என்று தராசுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள் சொல்வார். ஃபைலும் திரும்பி வந்துவிட்டது. நானே முதலாளியிடம் கேட்டுக்கொண்டேன். நம் கருவி மட்டுமே சாட்சியாக இருக்கும் இடத்தில் அதை மாட்டாதீர்கள். வாடிக்கையாளர் பழைய நோட்டைத் தூக்கிப்போட நினைத்தால், நீங்களே பொறுக்கி எடுத்துத் திருப்பிக் கொடுங்கள். "பிறகு எடுத்துடலாம்" என்று இப்போதைக்கு எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதை எதற்காக எழுதினீர்கள், எப்போது எடுக்க வேண்டும் என்று குறித்து வையுங்கள். நான் குறித்திருந்தால், ஃபைலை நிறுத்திய அன்றே அந்த மூன்று வரியும் போயிருக்கும்.

இனி என் அடுத்த வேலை. ஒரு சாயப்பட்டறையில், சாய மெஷின் கன்ட்ரோலருக்கும் அதன் பிரிண்டருக்கும் நடுவே வைக்க ஒரு கருவி கேட்டிருக்கிறார்கள். எந்த லாட் துணி எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் ஓடியது என்று டவுனிலிருந்தே பார்க்க வேண்டுமாம். படம் எப்போது தருவாய் என்று சார் கேட்டார். ஒரு வாரம் படமே வரைய மாட்டேன் என்றேன். என் டூல் பாக்ஸை உங்கள் மேசைக்கு அடியில் பூட்டி வைத்துவிட்டு, இந்தத் திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பட்டறையில் துணி ஏற்றும் ஆட்களோடு ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். மானேஜர் முதலில், "படிச்ச புள்ளைக்கு இது என்னத்துக்குங்க?" என்றார். இப்போது பழகிவிட்டார், ஈரத் துணி வண்டியைத் தள்ள என்னைத்தான் கூப்பிடுகிறார்.

நாலாம் நாளே ஒன்று தெரிந்தது. நிறம் சரிதானா என்று பார்க்க ஒரு துண்டு வெட்டி எடுப்பதற்காக ஆபரேட்டர் மெஷினை நிறுத்துகிறார். திரும்ப ஓட்டும்போது கன்ட்ரோலர் அதைப் புது லாட் என்று நினைத்துப் புது எண் அடிக்கிறது. இரண்டு தடவை நிறுத்தினால் ஒரே துணிக்கு மூன்று எண். நாற்காலியிலிருந்தே எழுதியிருந்தால், இரண்டு லாட்டைக் காணோம் என்று இந்நேரம் யாராவது ஒருவரின் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருப்பார்கள்.

இன்று ஐந்தாம் நாள். கை முழங்கை வரை நேவி ப்ளூ. இந்தத் தாளில் அங்கங்கே பட்டிருக்கும் கறை அதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். நாளைக்குக் கருப்பு ஏற்றுகிறார்களாம். பழைய சுடிதார் ஒன்றைத் தேடி எடுத்து வைத்துவிட்டேன்.